பார்கின்சன் நோய்க்கு ஆன்டிபாடி ஊசி: எது உண்மை, எவ்வளவு தூரம் வந்திருக்கிறது?

கை நடுங்கினால் “நரம்புத் தளர்ச்சி” என்று சொல்லி விட்டுவிடுவது தமிழ்க் குடும்பங்களில் பழைய வழக்கம். மடியில் சும்மா வைத்திருக்கும் கையில் விரல் ஆடுவது, சட்டைப் பொத்தான் போட அதிக நேரம் ஆவது, கையெழுத்து வரவரச் சிறுத்துப் போவது, நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் இருப்பது என எல்லாவற்றையும் வயதின் கணக்கில் எழுதிவிடுவார்கள். பிறகு ஒரு நாள் பினாங்குப் பொது மருத்துவமனையிலோ தனியார் மருத்துவமனையிலோ நரம்பியல் மருத்துவர் பரிசோதித்துவிட்டு “பார்கின்சன்” என்று சொல்லும்போதுதான் குடும்பம் விழித்துக்கொள்கிறது.

அதற்கடுத்த வாரமே கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்து சேரும். “மூளையில் படியும் கெட்ட புரதத்தை அகற்றும் ஊசி வந்துவிட்டது. இனி மாத்திரை தேவையில்லை” என்று யாரோ அனுப்பியிருப்பார்கள். ஜோர்ஜ்டவுனில் இருக்கும் மகன் அதைப் படித்துவிட்டு, அப்பாவுக்கு மாத்திரையை இப்போதே தொடங்குவதா, ஊசிக்காகக் காத்திருப்பதா என்று யோசிப்பார். சேமிப்பை எடுத்து வெளிநாட்டில் சிகிச்சைக்குக் கொண்டு போகலாமா என்று மகள் கேட்பார்.

சுருக்கமான பதில் இதுதான்: பார்கின்சன் நோய்க்கென ஒப்புதல் பெற்ற ஆன்டிபாடி மருந்து இதுவரை எந்த நாட்டிலும் இல்லை. ஆனால் அந்தச் செய்தி முழுப் பொய்யும் அல்ல. அப்படி ஒரு மருந்துக்கான முயற்சி பல ஆண்டுகளாக நடக்கிறது. இரண்டு மருந்துகள் பெரிய சோதனைகள் வரை வந்தன. ஒன்று கைவிடப்பட்டது, மற்றொன்று இன்னும் களத்தில் இருக்கிறது. அந்த முயற்சி எதை நோக்கியது, எங்கே நிற்கிறது, பினாங்கில் உள்ள ஒரு குடும்பத்துக்கு இன்று அதனால் என்ன பயன் என்பதைத் தெரிந்துகொண்டால் தவறான முடிவுகளைத் தவிர்க்கலாம்.

குறைவது டோபமின்

1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்கின்சன், ஆறு பேரிடம் கண்ட நடுக்கத்தையும் நடையின் மாற்றத்தையும் விவரித்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2019-இல் உலகில் 85 லட்சத்துக்கும் அதிகமானோர் இந்த நோயுடன் வாழ்ந்தனர். மக்கள் நீண்ட காலம் வாழத் தொடங்கியதால் எண்ணிக்கை வேகமாகக் கூடி வருகிறது.

நடுமூளையில் கருமையாகத் தெரியும் ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. உடல் அசைவைத் தொடங்கவும் சீராக நடத்தவும் டோபமின் தேவை. பார்கின்சன் நோயில் இந்த அணுக்கள் படிப்படியாகச் செத்துப்போகின்றன. டோபமின் குறையக் குறைய அசைவு மந்தமாகிறது, உடல் விறைக்கிறது, கை நடுங்குகிறது.

இன்று கொடுக்கப்படும் மருந்துகளில் முதன்மையானது லெவோடோபா. மடோபார், சினிமெட் போன்ற பெயர்களில் வருவது அதுதான். அது மூளைக்குள் போய் டோபமினாக மாறுகிறது. இதில் தமிழ் வாசகர்களுக்குச் சுவையான ஒரு செய்தி உண்டு. நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்து 1937-இல் ஆய்வுக் கட்டுரை எழுதியவர்கள் சென்னையில் பணியாற்றிய எம். தாமோதரன், ஆர். ராமசாமி ஆகிய இருவர். அது பார்கின்சனுக்கு மருந்தாகப் பயன்படும் என்று உறுதியானது 1960-களில்தான்.

லெவோடோபா நல்ல மருந்து. ஆனால் அது குறைந்துபோன டோபமினை ஈடுகட்டுகிறதே தவிர, அணுக்கள் சாவதைத் தடுப்பதில்லை. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பது போல. ஓட்டையை அடைக்க முடியுமா என்பதுதான் ஆன்டிபாடி ஆராய்ச்சியின் கேள்வி.

சிக்கலின் நடுவில் ஒரு புரதம்

1912-இல் ஃபிரெடெரிக் லூயி என்ற ஜெர்மானிய மருத்துவர், இறந்த நோயாளிகளின் மூளை அணுக்களுக்குள் சிறு உருண்டைகள் இருப்பதைக் கண்டார். அவை லூயி உருண்டைகள் என்று அழைக்கப்பட்டன. அவை எதனால் ஆனவை என்பது 85 ஆண்டுகள் புதிராகவே இருந்தது.

1997-இல் விடை கிடைத்தது. தலைமுறை தலைமுறையாகப் பார்கின்சன் வந்த ஓர் இத்தாலியக் குடும்பத்திலும் சில கிரேக்கக் குடும்பங்களிலும் ஒரே மரபணுவில் பழுது இருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தனர். அந்த மரபணு உருவாக்கும் புரதத்தின் பெயர் ஆல்ஃபா சினுக்ளின். அதே ஆண்டில் இன்னொரு குழு, லூயி உருண்டைகள் பெரும்பாலும் இதே புரதத்தால் ஆனவை என்று காட்டியது. மரபணுப் பழுது இல்லாத சாதாரண நோயாளிகளின் மூளையிலும் அதுவே இருந்தது.

ஆல்ஃபா சினுக்ளின் கெட்ட பொருள் அல்ல. ஆரோக்கியமான மூளையிலும் ஏராளமாக உண்டு. 140 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு சரம் அது. நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் முனைகளில் வேலை செய்கிறது. அது தவறாக மடிந்துகொள்ளும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. தவறாக மடிந்தவை ஒன்றோடொன்று ஒட்டி, முதலில் சிறு திரள்களாகவும் பிறகு நார்களாகவும் மாறுகின்றன.

இதைவிடக் கவலைக்குரியது, அது பரவும் விதம். ஒரு கரண்டி உறைமோர் ஒரு பானைப் பாலையும் தயிராக்கிவிடுவது போல, தவறாக மடிந்த ஒரு புரதம் பக்கத்தில் நன்றாக இருக்கும் புரதத்தையும் தன்னைப்போல் மடியச் செய்கிறது. ஜெர்மானிய ஆய்வாளர் ஹைக்கோ பிராக் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தப் படிவுகள் பலருக்கு மூளைத்தண்டின் அடிப்பகுதியிலும் மோப்ப நரம்புப் பகுதியிலும் தொடங்கிப் பிறகு மேல்நோக்கிப் பரவுவதாக விளக்கினார். கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே சிலருக்கு மோப்ப சக்தி குறைவதும், மலச்சிக்கல் வருவதும், தூக்கத்தில் கனவுக்கேற்பக் கை காலை உதறுவதும் இதனால் இருக்கலாம். குட்டி இந்தியாவில் மல்லிகைச் சரத்தைக் கையில் வாங்கியும் மணம் தெரியவில்லை என்று பாட்டி சொன்னால், அது சளியாகவும் இருக்கலாம், வயதாகவும் இருக்கலாம். மோப்பக் குறைவு உள்ள எல்லாருக்கும் பார்கின்சன் வருவதில்லை. ஆனால் மேலே சொன்ன மற்றவையும் சேர்ந்து இருந்தால் மருத்துவரிடம் சொல்வது நல்லது.

2008-இல் இன்னொரு முக்கியச் சான்று வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் சில நோயாளிகளின் மூளையில் இளம் நரம்பணுக்கள் பதிக்கப்பட்டிருந்தன. அவர்கள் இறந்தபின் பார்த்தபோது, பதிக்கப்பட்ட புதிய அணுக்களுக்குள்ளும் லூயி உருண்டைகள் தோன்றியிருந்தன. பழைய அணுக்களிலிருந்து நோய் புதியவற்றுக்குத் தொற்றியிருக்க வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. ஓர் அணுவைவிட்டு வெளியேறி அடுத்த அணுவுக்குள் நுழைவதற்குள் அந்தப் புரதத்தை வழியிலேயே பிடித்துவிட முடியாதா? ஆன்டிபாடிச் சிகிச்சையின் அடிப்படை இந்தக் கேள்விதான்.

ஆன்டிபாடி என்ன செய்யும்?

ஆன்டிபாடி என்றால் என்ன என்பதை கோவிட் காலம் பலருக்கும் கற்றுக்கொடுத்தது. உடலுக்குள் வரும் அந்நியப் பொருளை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் எதிர்ப்புப் புரதம் அது. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்பதுபோல ஒவ்வோர் ஆன்டிபாடியும் ஒரு குறிப்பிட்ட பொருளில்தான் பொருந்தும். ஒரே வகை ஆன்டிபாடியை ஆய்வகத்தில் வேண்டிய அளவு தயாரிக்கும் முறையை 1975-இல் கோலர், மில்ஸ்டைன் என்ற இரு அறிவியலாளர்கள் கண்டுபிடித்தனர். 1984-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் இன்று மலேசிய மருத்துவமனைகளில் கொடுக்கப்படும் பல ஊசிகள் அந்த வழியில் வந்தவைதான். பெயரின் முடிவில் “மாப்” என்று வந்தால் அது பெரும்பாலும் இந்த வகை மருந்து.

பார்கின்சனுக்காகத் தயாரிக்கப்பட்ட ஆன்டிபாடி, தவறாக மடிந்து திரண்ட ஆல்ஃபா சினுக்ளினைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்தபின் மூளையின் துப்புரவு அணுக்கள் அதை அகற்றிவிடும். இப்படி அணுவிலிருந்து அணுவுக்குப் பரவுவது குறைந்தால் நோய் முற்றும் வேகமும் குறையும். செத்துப்போன அணு உயிர் பெறாது. இருக்கும் அணுக்களைக் காப்பதே நோக்கம். எனவே இது வெற்றி பெற்றாலும், நின்றுபோன கை வீச்சு மறுநாளே திரும்பிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

சோதனைகள் சொன்னது

பெரிய அளவில் சோதிக்கப்பட்டவை இரண்டு. ரோஷ், புரொதீனா நிறுவனங்களின் பிராசினெசுமாப் ஒன்று. பயோஜென் நிறுவனத்தின் சின்பனெமாப் மற்றொன்று. இரண்டும் நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றப்படுபவை. இரண்டின் முடிவுகளும் 2022-இல் ஒரே மருத்துவ இதழில் வெளியாயின.

சின்பனெமாப் சோதனையில் ஆரம்பநிலை நோயாளிகள் 357 பேர் பங்கேற்றனர். மருந்து பெற்றவர்களுக்கும் போலி ஊசி பெற்றவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. 2021-லேயே அந்த மருந்து கைவிடப்பட்டது.

பிராசினெசுமாப் சோதனையில் 316 பேர் இருந்தனர். நோயின் கடுமையை மருத்துவர்கள் ஒரு மதிப்பெண் பட்டியலால் அளக்கிறார்கள். மதிப்பெண் கூடினால் நோய் முற்றுகிறது என்று பொருள். 52 வாரங்களில் போலி ஊசி பெற்றவர்களுக்கு அது சராசரியாக 9.4 கூடியது. குறைந்த அளவு மருந்து பெற்றவர்களுக்கு 7.4, அதிக அளவு பெற்றவர்களுக்கு 8.8. எண்கள் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தாலும், தற்செயலாகவே அப்படி வந்திருக்கலாம் என்ற ஐயத்தைத் தாண்டவில்லை. ஆகவே முதன்மை இலக்கில் தோல்வி. ஆனால் அசைவு தொடர்பான சில அளவுகளில் மட்டும் சிறிய நன்மை தெரிந்ததால் அந்த நிறுவனம் விட்டுவிடவில்லை.

அடுத்து வந்தது படோவா என்று பெயரிட்ட சோதனை. ஏற்கெனவே மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த ஆரம்பநிலை நோயாளிகள் 586 பேர் குறைந்தது 18 மாதங்கள் கண்காணிக்கப்பட்டனர். 2024 டிசம்பரில் முடிவு அறிவிக்கப்பட்டது. மருந்து பெற்றவர்களுக்கு அசைவுக் கோளாறு ஒரு குறிப்பிட்ட அளவு முற்றிவிடும் ஆபத்து 16 விழுக்காடு குறைவு.

கேட்க நல்ல செய்திபோல் இருக்கிறது. ஆனால் இங்கேதான் கவனம் வேண்டும். மருந்தால் எந்தப் பயனும் இல்லாவிட்டாலும், தற்செயலாகவே இந்த அளவு வேறுபாடு தோன்றுவதற்கு 100-இல் 6 அல்லது 7 வாய்ப்பு உண்டு என்பது கணக்கு. அது 5-க்குக் கீழே வந்தால்தான் வெற்றி என்று முன்பே கோடு கிழிக்கப்பட்டிருந்தது. மயிரிழையில் கோட்டைத் தாண்டவில்லை. லெவோடோபா எடுத்தவர்களை மட்டும் தனியே பார்த்தபோது ஆபத்து 21 விழுக்காடு குறைந்திருந்தது. ஆனால் ஒரு பகுதியினரை மட்டும் பிரித்துப் பார்த்துக் கிடைக்கும் நன்மையை நிரூபணமாக எடுத்துக்கொள்ள முடியாது. அதை மறுபடி சோதித்துத்தான் உறுதிப்படுத்த வேண்டும்.

அதற்காகவே, மூன்றாம் கட்டச் சோதனைக்குச் செல்வதாக 2025 ஜூன் மாதம் ரோஷ் அறிவித்தது. மூன்றாம் கட்டம் என்பது ஒப்புதல் கேட்பதற்கு முந்தைய பெரிய சோதனை. ஆட்களைச் சேர்க்கவும் கண்காணிக்கவும் கணக்குப் பார்க்கவும் ஆண்டுகள் ஆகும். கைப்பேசிச் செய்திகளில் “ஊசி வந்துவிட்டது” என்று பரவுவதன் பின்னணி இதுதான்.

ஏன் இவ்வளவு சிரமம்?

முதல் தடை மூளையின் காவல். இரத்தத்தில் இருக்கும் எல்லாப் பொருளும் மூளைக்குள் நுழைந்துவிடாதபடி ஒரு தடுப்பு இருக்கிறது. ஆன்டிபாடி உருவத்தில் மிகப் பெரிய மூலக்கூறு. ஆல்ஃபா சினுக்ளினைவிட ஏறத்தாழ 10 மடங்கு பெரியது. உடலில் ஏற்றப்படும் மருந்தில் ஆயிரத்தில் சில பங்குதான் மூளைக்குள் போய்ச் சேர்கிறது.

இரண்டாவது, குறி இருக்கும் இடம். ஆல்ஃபா சினுக்ளின் திரள்களில் பெரும்பகுதி அணுக்களுக்கு உள்ளே இருக்கிறது. ஆன்டிபாடியோ பெரும்பாலும் அணுக்களுக்கு வெளியே உலவுகிறது. ஓர் அணுவிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் சிறு நேரத்தில்தான் பிடிக்க முடியும்.

மூன்றாவது, காலம். கை நடுங்கத் தொடங்கும்போதே டோபமின் அணுக்களில் பெரும் பங்கு அழிந்திருக்கும். அப்போது தொடங்கும் சிகிச்சை தாமதமானதாக இருக்கலாம். இதற்கு ஒரு வழி பிறந்திருக்கிறது. முதுகுத்தண்டு நீரில் ஒரு துளியை எடுத்து, அதில் தவறாக மடிந்த ஆல்ஃபா சினுக்ளின் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. உறைமோர் உவமையை இங்கேயும் சொல்லலாம்: அந்தத் துளியை நல்ல புரதக் கரைசலில் விட்டு, உறைகிறதா என்று பார்க்கிறார்கள். 1,123 பேரிடம் நடத்தி 2023-இல் வெளியான ஆய்வில், பார்கின்சன் நோயாளிகளில் 88 விழுக்காட்டினரை இந்தச் சோதனை சரியாகக் காட்டியது. இது இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கான கருவிதான். எல்லா மருத்துவமனையிலும் கிடைப்பதல்ல.

நான்காவது, அடிப்படைச் சந்தேகம். புரதத் திரள்தான் அணுவைக் கொல்கிறதா, அல்லது செத்துக்கொண்டிருக்கும் அணு விட்டுச்செல்லும் குப்பையா? அறிஞர்கள் இதில் இன்னும் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. இந்த மரபணு கூடுதல் படிகளாக இருந்த குடும்பங்களில் இளவயதிலேயே கடுமையான பார்கின்சன் வந்தது என்பது முதல் கருத்துக்கு வலுச் சேர்க்கிறது. இரண்டு மருந்துகளின் மங்கலான முடிவுகள் இரண்டாவது சந்தேகத்தை உயிரோடு வைத்திருக்கின்றன.

நம்பிக்கைக்கும் காரணம் உண்டு. மறதி நோயான அல்சைமருக்கு இதேபோன்ற வழியில் லெகனெமாப் என்ற ஆன்டிபாடி வெற்றி கண்டது. 2023 ஜூலையில் அமெரிக்கா அதற்கு முழு ஒப்புதல் கொடுத்தது. 18 மாதங்களில் நோய் மோசமாகும் வேகத்தை 27 விழுக்காடு குறைத்தது, நோயை நிறுத்தவில்லை. சிலருக்கு மூளையில் வீக்கமும் நுண்ணிய இரத்தக் கசிவும் ஏற்பட்டன. அதற்கு முன் அதே வகையில் பல மருந்துகள் தோற்றிருந்தன. மூளைத் தடுப்பைத் தாண்ட, வாயிற்காவலனுக்குத் தெரிந்த முகத்தோடு ஒட்டிக்கொண்டு உள்ளே போகும் புதுவகை ஆன்டிபாடிகளையும் நிறுவனங்கள் இப்போது உருவாக்கி வருகின்றன. பார்கின்சனுக்காக அப்படி ஒன்றைத் தென் கொரியாவின் ஏபிஎல் பயோ நிறுவனம் உருவாக்கியது.

பினாங்கு நோயாளியின் நிலை

பிராசினெசுமாப் சோதனைகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நடந்தவை. அங்கே கிடைக்கும் முடிவு இங்குள்ளவர்களுக்கும் அப்படியே பொருந்துமா என்பது நியாயமான கேள்வி. பார்கின்சன் ஒரே நோய் அல்ல. பார்கின் என்ற மரபணுவின் பழுதால் நோய் வந்தவர்களில் பலரது மூளையில் லூயி உருண்டைகளே காணப்படுவதில்லை. எல்ஆர்ஆர்கே2 என்ற இன்னொரு மரபணுவின் மாற்றம் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குத்தான் மேலே சொன்ன முதுகுத்தண்டு நீர்ச் சோதனை நோயைக் காட்டியது. பிடிக்க வேண்டிய புரதத் திரளே இல்லாதவருக்கு அதைப் பிடிக்கும் ஊசி பயன் தராது.

எந்த இனத்தவரிடம் எந்த மரபணு வகை அதிகம் என்பது ஊருக்கு ஊர் மாறும். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்கள் லிம் ஷென்-யாங், டான் ஆய் ஹூய் ஆகியோரின் குழு இதைத்தான் ஆராய்ந்து வருகிறது. இளவயதில் பார்கின்சன் வந்த மலாய்க்காரர்களிடம் பிங்க்1 மரபணுவின் ஒரு குறிப்பிட்ட பழுது முக்கியக் காரணமாக இருப்பதை அவர்கள் கண்டனர். சீனர்களிடம் எல்ஆர்ஆர்கே2 மரபணுவின் ஆசிய வகை மாற்றங்கள் அதிகம். இந்திய வம்சாவளியினரைப் பற்றிய தகவல் ஒப்பீட்டளவில் குறைவு. இத்தகைய ஆய்வுக்கு இரத்த மாதிரி கேட்டால் பயந்து ஒதுங்கும் தமிழ்க் குடும்பங்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. ஆய்வில் இடம்பெறாத சமூகத்துக்கு ஏற்ற மருந்து எது என்று பிறகு சொல்வதும் கடினமாகிவிடும்.

மலேசியாவில் மருந்துச் சோதனைகள் நடப்பதே இல்லை என்று எண்ண வேண்டாம். சுகாதார அமைச்சின் கீழ் பினாங்கு மருத்துவமனையிலேயே மருத்துவ ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. புதிய மருந்தை நோயாளிகளிடம் சோதிக்க, அமைச்சின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்பிஆர்ஏ-வின் அனுமதியும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். முறையான சோதனையில் ஆய்வு மருந்துக்கு நோயாளியிடம் பணம் வாங்குவதில்லை. எழுத்து மூலம் சம்மதம் பெறுவார்கள். எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படாது. பங்கேற்பவருக்குப் போலி ஊசி கிடைக்கவும் வாய்ப்புண்டு என்பதையும் முன்பே சொல்லிவிடுவார்கள்.

இதற்கு நேர்மாறாக, “பார்கின்சனைக் குணப்படுத்தும் ஆன்டிபாடி ஊசி” அல்லது “குருத்தணு ஊசி” என்று சொல்லி, முன்பணம் கட்டச் சொல்லும் எவரிடமும் எச்சரிக்கை தேவை. மருத்துவச் சுற்றுலாவுக்குப் பெயர்பெற்ற பினாங்கில் நல்ல மருத்துவமனைகள் பல உண்டு. அந்த நற்பெயரின் நிழலில் வேறு சிலரும் கடை விரிக்கலாம். மருந்தின் பெயரைக் கேளுங்கள். என்பிஆர்ஏ-வில் அது பதிவாகியிருக்கிறதா என்று இணையத்தில் பார்க்கலாம்.

விலையையும் இப்போதே யோசித்து வைக்கலாம். லெகனெமாப் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது ஆண்டுக்கு 26,500 டாலர், அதாவது ஒரு லட்சம் வெள்ளிக்கு மேல். பார்கின்சன் ஆன்டிபாடி ஒப்புதல் பெற்றாலும், அரசு மருத்துவமனையின் நிபுணர் சிகிச்சைப் பிரிவில் மாத்திரை வாங்கும் முதியவருக்கு அது எப்படிக் கிடைக்கும் என்பது அப்போது எழப்போகும் பெரிய கேள்வி.

இன்று செய்யக்கூடியவை

முதலாவது, மருத்துவர் எழுதித்தந்த லெவோடோபாவை “புது ஊசி வரட்டும்” என்று தள்ளிப்போட வேண்டாம். சீக்கிரம் தொடங்கினால் நோய் கூடும் என்ற பயமும் வேண்டாம். நெதர்லாந்தில் 445 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில், முன்னதாகத் தொடங்கியவர்களுக்கும் 40 வாரம் கழித்துத் தொடங்கியவர்களுக்கும் 80 வார முடிவில் நோயின் போக்கில் வேறுபாடு இல்லை. தள்ளிப்போட்டவர்கள் இடைப்பட்ட காலத்தில் சிரமப்பட்டதுதான் மிச்சம்.

இரண்டாவது, மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையை உணவுக்கு அரை மணி நேரம் முன்போ, ஒரு மணி நேரம் பின்போ எடுப்பது நல்லது. இறைச்சி, மீன், முட்டை, பருப்பு போன்ற புரத உணவுடன் சேர்ந்தால் மருந்து உடலில் ஏறுவது குறையும்.

மூன்றாவது, பூனைக்காலிப் பொடியை மாத்திரையுடன் சேர்த்துத் தாமாகச் சாப்பிட வேண்டாம். அதிலும் லெவோடோபா இருப்பதால் அளவு மிஞ்சிவிடும். ஏற்கெனவே சாப்பிடுகிறார் என்றால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நான்காவது, வேறு நோய்க்குக் கிளினிக் போகும்போது “பார்கின்சன் இருக்கிறது” என்று முதலிலேயே சொல்லுங்கள். வாந்திக்குக் கொடுக்கப்படும் மெட்டோகுளோபிரமைடு போன்ற சில மருந்துகள் டோபமினைத் தடுத்து நோயை மோசமாக்கும்.

ஐந்தாவது, உடற்பயிற்சி. மருந்துக்கு அடுத்தபடியாக அசைவைக் காக்க உதவுவது அதுதான். தண்ணீர்மலை தாவரவியல் பூங்காவிலோ இளைஞர் பூங்காவிலோ காலையில் துணையோடு வேகமாக நடப்பதற்குச் செலவு இல்லை. சமநிலை தவறுபவர்கள் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடம் கேட்டுத் தொடங்கலாம். விழுந்து இடுப்பெலும்பு முறிவதைத் தடுப்பது எந்த ஊசிக்கும் குறையாத சிகிச்சை.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது குடும்பத்தார் கேட்கவேண்டியவை மூன்று: “இவருக்கு வந்திருப்பது எந்த வகை? மரபணுச் சோதனை தேவையா? மலேசியாவில் இவருக்குப் பொருந்தும் ஆய்வு ஏதாவது நடக்கிறதா?” ஆரம்பநிலையில் இருப்பவருக்கு இந்தக் கேள்விகள் மிகவும் முக்கியம். இதுவரை நடந்த சோதனைகள் அவர்களைத்தான் சேர்த்துக்கொண்டன.

கைப்பேசியில் அந்தச் செய்தியை அனுப்பிய உறவினருக்குப் பதில் எழுதுவதென்றால் இப்படி எழுதலாம்: “ஊசி இன்னும் வரவில்லை. ஒன்று கடைசிக் கட்டச் சோதனைக்குப் போகிறது. பலன் தெரியச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை அப்பா மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடுகிறார், காலையில் நடக்கிறார்.”